ராயப்பரின் தாடியும் நீட்டுவால் சுறாவும்

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? காய்ச்சல், தடிமன் என்று ஒருவரும் படுக்கவில்லைத்தானே? இங்கே பள்ளிமுனையில் வெயில் ஏறிவிட்டது, பத்து மணிக்குப் பிறகு கடற்கரை மணலில் கால் வைக்க ஏலாது. என் முழங்கால் வழமைபோலத்தான். அதைப் பற்றிப் போன தடவையே நிறைய எழுதிவிட்டேன், விடுவோம்.

இன்றைக்கு என் பெறாமகன் றெனால்டின் தாடியைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு தாடிக்காக ஒரு மனிதன் சாப்பாடு இறங்காமல் திரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

றெனால்ட் என் தங்கையின் மகன். கடற்தொழில் செய்கிறான். தங்கை மகளோடு ஜேர்மனிக்குப் போய்விட்டாள், ஆகவே இங்கே அவனுக்குப் பெரியம்மாவும் நான், அம்மாவும் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் மனைவி ஜெயனி அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

எங்கள் கோயிலில் தவசு காலத்தில், பெரிய வெள்ளியன்று, பாஸ் போடுவோம். ஆண்டவருடைய பாடுகளை ஊர் ஆட்களே நடிக்கிற நாடகம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அப்போஸ்தலராக நிற்கிற ஒருவரும் ஒட்டுத் தாடி வைக்கக் கூடாது. மார்கழியில் நத்தார் முடிந்ததும் ஆட்களைத் தெரிவார்கள், அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை சவரம் இல்லை. ஒரு காலத்தில் ஒட்டுத் தாடிதான் இருந்தது. ஒருமுறை பாதம் கழுவுகிற காட்சியில் ஒருவருடைய தாடி கழன்று தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்து மிதந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சனம் எல்லாம் சிரித்தது, பாதரும் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். அதோடு சட்டம் வந்துவிட்டது. இப்போது மாசி பங்குனியில் எங்கள் துறைக்கு வந்து பார்த்தால், பாதி ஆம்பிளைகள் கற்காலத்தில் இருப்பார்கள். அடையாள அட்டைப் படமும் முகமும் பொருந்தாது. கடற்படைப் பெடியன்களுக்கும் பழகிப்போய்விட்டது. "நாட்டியத?", நாடகமா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

றெனால்டுக்கு இந்த வருடம் அப்போஸ்தலருக்குத் தலைவரான ராயப்பர் வேடம். அதுவும் சும்மா கிடைத்ததல்ல, நேர்த்தி. போன வருடம் சோளகக் காற்றுக்குள் எஞ்சின் நின்று, அவனும் அவனோடு தொழிலுக்குப் போகிற ஜெனோஜனும் ஒரு பகல் முழுக்க இழுபட்டுப் போனார்கள். சிலாவத்துறைப் படகு ஒன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. அந்தப் படகு கண்ணில் படுவதற்கு முன்னர் றெனால்ட் ராயப்பரைக் கூப்பிட்டு, கரை சேர்த்தால் வருகிற பாசில் உமக்காக நிற்பேன் என்று நேர்ந்திருக்கிறான். "நீ என்னடா நேர்ந்தனீ?" என்று ஜெனோஜனைக் கேட்டேன். "நேர எங்க பெரியம்மா நேரம், நான் சத்தி எடுத்துக்கொண்டெல்லோ கிடந்தனான்" என்றான்.

பாசைப் பழக்குகிறவர் அண்ணாவியார் சிங்கராசா. நேர்த்தி என்றதும் மறுபேச்சில்லாமல் ராயப்பரை றெனால்டுக்குக் கொடுத்தார். யூதாஸ் ஜெனோஜன். யூதாசாக நிற்க ஊரில் ஒருவரும் முன்வரமாட்டார்கள், அவன் ஒருத்தன்தான் வருடா வருடம் கேட்டு வாங்குவான். வெள்ளிக்காசுப் பையைக் குலுக்குவதில் அவனுக்கு அப்படி ஒரு விருப்பம்.

தவசு தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்து சில நாளில் றெனால்ட் என் வீட்டுக்கு வந்தான். முகத்தைச் சுற்றித் துவாய்.

"பல்லுக் கொதியோடா?"

"பல்லெண்டாப் பிடுங்கலாம் பெரியம்மா. இஞ்ச பாருங்கோ."

துவாயை எடுத்தான். இடது தாடையில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் ஒரு வட்டம். ஒரு மயிர் இல்லை. புண் இல்லை, சிவப்பு இல்லை, குழந்தைப்பிள்ளையின் கன்னம் மாதிரி வழுவழு என்று இருந்தது. நாடிக்குக் கீழே இன்னொன்று தொடங்கியிருந்தது. நாங்கள் புழுவெட்டு என்று சொல்வது இதைத்தான். இரவில் ஏதோ புழு வந்து மயிரைக் கத்தரிக்கிறது என்று அந்தக் காலத்துச் சனம் நினைத்தது.

"கடலில நான் ஏதும் பிழையா நேர்ந்திட்டனோ? ராயப்பருக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டான்.

"ராயப்பருக்கு உன்ர தாடியைப் புடுங்கிறதுதானோ வேலை? நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போவம்" என்றேன்.

தோல் கிளினிக்கில் இருந்தது டொக்டர் நுஸ்ரியா. சின்னப் பிள்ளை, ஆனால் அவசரப்படாமல் பார்த்தது. ஒரு கண்ணாடியை வைத்து வட்டத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"இது அலோபீசியா ஏரியேட்டா. புழுவும் இல்லை, தொத்தும் இல்லை. உடம்பில நோயோட சண்டை பிடிக்கிற அணுக்கள் ஆள் தெரியாமல் மயிர் வேரோட சண்டைக்குப் போகுது, அவ்வளவுதான்."

"என்ன பேர் சொன்னீங்கள் பிள்ளை?"

"அலோபீசியா. கிரேக்கத்தில நரியின்ர பேரில இருந்து வந்த சொல்லு அம்மா. நரிக்குச் சொறி பிடிச்சா மயிர் திட்டுத் திட்டாய்க் கொட்டுமாம்."

"அப்ப அலோபதி மருந்து எண்டுறமே, அதுவும் நரியோ?"

அந்தப் பிள்ளை சிரித்தது. "இல்லை அம்மா, அது வேற சொல்லு. கேட்கத்தான் ஒரே மாதிரி."

றெனால்டுக்கு நரியும் வேண்டாம் சொல்லும் வேண்டாம். "பெரிய வெள்ளிக்குள்ள வளருமோ டொக்டர்?" என்று கேட்டான்.

"அந்த இடத்தில ஊசி போடுறன். அனேகமா வளரும். ஆனா தாடிக்கு நான் திகதி குடுக்க ஏலாது. கண்டதையும் பூசிப் புண்ணாக்காதேங்கோ."

துவாயோடு எத்தனை நாள் ஒத்திகைக்குப் போகலாம்? ஒரு பின்னேரம் கோயில் மண்டபத்தில் அண்ணாவியார் பிடித்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன், உடுப்புத் தைக்கிற பெண்களோடு.

"துவாயை எடு."

"தடிமன் அண்ணாவியார்."

"தடிமன் தாடியிலயோ? எடடா."

எடுத்தான். அண்ணாவியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்னடா இது, கறையான் அரிச்ச கூரை மாதிரி? ராயப்பர் திருச்சபைக்கே கல்லு. கல்லில பொத்தல் கிடக்கலாமோ?"

ஜெனோஜன் பின்னால் நின்று பையைக் குலுக்கினான். "அப்ப ஆளை மாத்துங்கோ அண்ணாவியார். யூதாசுக்குப் பொத்தல் தாடி நல்லா எடுக்கும்."

பகிடிக்குத்தான் சொன்னான். அவன் தாடியோ கன்னம் தெரியாமல் அடர்ந்து, சுருண்டு, படத்தில் கீறினது மாதிரி இருந்தது. அண்ணாவியார் அவனையும் பார்த்தார், இவனையும் பார்த்தார்.

"குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பாக்கிறன். வளராட்டி ஜெனோஜன் ராயப்பர், நீ யூதாஸ்."

"அண்ணாவியார், நேர்த்தி ராயப்பருக்கு. யூதாசா நிண்டு அதை எப்பிடித் தீர்க்கிறது?"

"அப்ப தாடியை வளர்."

ஜெனோஜனின் முகம் செத்துப்போயிற்று. வாயைத் திறந்திருக்கக் கூடாது என்று அவனுக்கே விளங்கிவிட்டது. ஆனால் அண்ணாவியார் சொன்னால் சொன்னதுதான். எழும்பிப் போகும்போது றெனால்டின் தோளைப் பிடித்து மெதுவாக ஒன்று சொன்னார். நீட்டுவால் சுறாவின் ஈரலை உருக்கின எண்ணெய் பூசினால் பனங்காயிலும் மயிர் முளைக்கும் என்று அவருடைய அப்பு சொல்வாராம்.

அந்தச் சுறாவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பு எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் வால். சூடை மீன் கூட்டத்துக்குள் போய் அந்த வாலைச் சாட்டை மாதிரி வீசி அடிக்கும், மீன் மயங்கி மிதக்கும், பிறகு திரும்பி வந்து ஆறுதலாகச் சாப்பிடும். அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம். வலையில் பட்டால் விட்டுவிட வேண்டும். படமும் எழுத்துமாக எங்கள் சங்கக் கட்டடத்துச் சுவரிலேயே ஒட்டிக்கிடக்கிறது. அது ஆழக்கடல் மீன், எங்கள் பக்கம் வருவதும் அருமை. அதனால் அண்ணாவியார் சொன்னதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

றெனால்ட் எடுத்திருந்தான். அதற்குப் பிறகு அவன் படகைத் தெற்கே ஆழத்துக்கு விடத் தொடங்கினான். மீன் நல்லாப் படுகிறது என்று ஜெயனிக்குச் சொன்னான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முன்னைய வியாழக்கிழமை விடிய அந்த மீன் பட்டது. நான் படகில் இருக்கவில்லை, ஜெனோஜன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வலை பாரமாக வந்ததாம். பார்த்தால் பெரிய கண்ணும் சின்ன வாயுமாக நீட்டுவாலன், உயிரோடு.

"வலையை வெட்டி விடடா" என்று ஜெனோஜன் சொல்லியிருக்கிறான்.

"ஏத்துவம். ஈரலை மட்டும் எடுப்பம்."

"ஈரலை மட்டும் எடுத்தா மிச்சம் நீந்திப் போகுமோ? விசரோ உனக்கு?"

"ஞாயிறு வருகுது மச்சான். எனக்கு வேற வழியில்லை."

இப்படியான மீனைப் படகுக்குள் எடுப்பதென்றால் முதலில் வாலுக்குச் சுருக்குப் போட்டுப் பக்கத்தோடு கட்ட வேண்டும். றெனால்டுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவன் கண்ணில் ஈரல்தான் நின்றது. தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்தான். மீன் ஒரு முறுக்கு முறுக்கியது. வால் படகுக்குக் குறுக்கே வந்து ஜெனோஜனின் கன்னத்தில் அடித்தது. அவன் எஞ்சினோடு போய் விழுந்தான். காதடியிலிருந்து தாடை வரை பிளந்துவிட்டது. சுறாத் தோல் அரம் மாதிரி, அடித்த இடம் முழுக்க உரிந்துபோயிற்று. றெனால்ட் மீனைக் கைவிட்டுவிட்டு அவனைப் பிடித்தான். மீன் வலையில் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு தன் பாட்டில் போய்விட்டது.

கரைக்கு வந்தபோது, பார்த்து வைத்தது மாதிரி பிஷரீஸ் இன்ஸ்பெக்டர் றிஷாட் நண்டு வாங்குகிற ஆட்களோடு கதைத்துக்கொண்டு நின்றார். உப்புக்குளத்து ஆள், எங்கள் பக்கத்தில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சத்தம் கேட்டு நானும் போய்விட்டேன். ஜெனோஜன் சேட்டைக் கழற்றி முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தான், சேட்டெல்லாம் ரத்தம்.

"என்ன நடந்தது றெனால்ட்?"

"கயிறு அறுந்து அடிச்சது சேர்."

"கயிறு இப்பிடித் தோலை உரிக்குமோ? சுறா ஏதும் பட்டதோ?"

"இல்லை சேர்."

"நீட்டுவாலன்?"

"அப்பிடி ஒண்டை நான் காணவே இல்லை சேர்."

சேட்டுக்குள் இருந்து ஜெனோஜனின் சத்தம் வந்தது. "அவனைக் குழப்பாதேங்கோ சேர். ராயப்பர் பாடமாக்கிறார். மூண்டு தரம் இல்லையெண்டிட்டார், இனிச் சேவல் கூவ வேண்டியதுதான்."

நின்ற சனம் சிரித்தது. சேவல் கூவ முன்னம் ராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த கதை றிஷாட் சேருக்குத் தெரியாது, என்றாலும் சிரித்தார். றெனால்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஜெனோஜனின் கழுத்தால் ரத்தம் வடிந்து நெஞ்சுக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர், சுறாதான். நீட்டுவாலன்தான். இவன் விடச் சொன்னவன், நான்தான் ஏத்தப் பாத்தனான்."

"மீன் எங்க?"

"போயிற்று சேர்."

"உயிரோடயோ?"

"எங்களை விட நல்லா."

றிஷாட் சேர் படகுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "மீன் இல்லை, அதால இண்டைக்கு வாயால மட்டும் சொல்லுறன். இன்னொருக்கா இந்த வேலை செய்தா கோட்டில நிப்பாய். இப்ப ஏறுங்கோ. ஆசுபத்திரியில கயிறு எண்டு சொல்லாதேங்கோ. மீன் அடிச்ச காயம் எண்டாத்தான் அதுக்கேத்த மருந்து குடுப்பினம்."

அவருடைய ஜீப்பிலேயே போனோம். உள்ளே தையல் போடும்வரை வெளியே மர வாங்கில் இருந்தோம். எதற்காக அந்த மீனை ஏற்றப் பார்த்தாய் என்று அவர் கேட்க, றெனால்ட் தாடியைக் காட்டிச் சொன்னான். டொக்டர் சொன்ன பெயரை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அலோபீசியாவோ? அந்தச் சுறாவுக்குப் படிப்பில அலோபியாஸ் எண்டு பேர். அதுவும் நரிதான் அம்மா. வால் நீளம், தந்திரமான மீன் எண்டு முந்தின கிரேக்கர் நினைச்சிருக்கினம்."

"கேட்டியோடா?" என்றேன். "உன்ர தாடியும் நரி, அந்த மீனும் நரி."

"அப்ப அண்ணாவியார் சொன்னதில ஏதோ இருக்குத்தானே சேர்?" றெனால்டின் முகம் கொஞ்சம் வெளித்தது.

"பேர் வச்சது மனிசர். அது உன்ர தாடிக்கும் தெரியாது, மீனின்ர ஈரலுக்கும் தெரியாது. ஒரு தரத்துக்கு ரெண்டு மூண்டு குட்டிதான் போடுற மீன். விட்டிடு தம்பி."

உள்ளேயிருந்து ஜெனோஜன் வந்தான். எனக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை. தையல் போடுவதற்காக ஒரு பக்கத் தாடியை முழுக்க வழித்திருந்தார்கள். மற்றப் பக்கம் அடர்ந்து சுருண்டு கிடந்தது. அன்று பின்னேரமே மற்றப் பக்கத்தையும் எடுத்துவிட்டான், பிள்ளைகள் பின்னால் வந்து சிரித்தார்களாம்.

இதிலே றெனால்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ராயப்பருக்கு இருந்த மற்ற ஆள் இப்போது இல்லை. வேடம் தானாக அவன் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சாப்பிடவில்லை. ஜெயனி என்னைக் கூப்பிட்டனுப்பினாள், அது அவள் வழமையாகச் செய்கிற காரியமல்ல. போய்க் கேட்டால், "அவன்ர முகத்தைக் கிழிச்சுப் போட்டு அவன்ர இடத்தில போய் நிக்கிறதோ? அது நேர்த்தியோ பெரியம்மா?" என்கிறான்.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் எல்லாரும் மண்டபத்தில். றெனால்ட் நேரே அண்ணாவியாரிடம் போனான்.

"என்னை விட்டிடுங்கோ அண்ணாவியார். ஆரையும் பிடிச்சுப் போடுங்கோ. நான் திரை இழுக்கிறன்."

"ஆரைப் பிடிக்க? உள்ள தாடியெல்லாம் நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அழிச்சுப் போட்டியள்" என்று அவர் கத்தினார். எண்ணெய் சொன்னது தான்தான் என்பதை அவர் மறந்துவிட்டார்போல. நானும் ஞாபகப்படுத்தவில்லை, தையல் பெண்களில் ஒருத்தி என்னை இடித்தாள்.

ஜெனோஜன் கன்னத்தில் பிளாஸ்டரோடு எழும்பினான். கதைத்தால் தையல் இழுக்கும், ஒரு பக்க வாயால்தான் கதைத்தான்.

"டேய், உன்ர நேர்த்தியை நீ செய். எனக்கு இவ்வளவு தையல் போட்டதுக்குப் பிறகும் நீ நிக்காட்டி, அந்த மீன் என்னைச் சும்மாதானே அடிச்சது? அண்ணாவியார், ராயப்பர் தோட்டத்தில, ஆண்டவரைப் பிடிக்க வந்த ஒரு வேலைக்காரன்ர காதை வெட்டுவாரெல்லே? அவனுக்குத் தாடி தேவையில்லை. என்னை அதுக்குப் போடுங்கோ. வெட்டுக்கு மையும் பூசத் தேவையில்லை."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. றெனால்ட் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் ஆடியது.

"பொத்தல் தாடியோட ராயப்பர்..." அண்ணாவியார் இழுத்தார்.

"ராயப்பர் மீன்காரன். பொத்தல் இல்லாத மீன்காரனை எங்க கண்டனீங்கள்?" என்றான் ஜெனோஜன்.

அண்ணாவியார் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சரி, வசனத்தைச் சொல்லு பாப்பம்" என்றார். றெனால்ட் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆண்டவரே, யார் உம்மைக் கைவிட்டாலும் நான் கைவிடமாட்டேன்" என்று தொடங்கினான். அண்ணாவியார் நிறுத்தச் சொல்லவில்லை.

யூதாசுக்கு ஆள் இல்லாமல் போனதால், கடைசியில் அண்ணாவியாரே தன் நரைத் தாடியோடு பையை வாங்கிக்கொண்டார்.

பெரிய வெள்ளி பின்னேரம் கோயில் வளவில் பாஸ் நடந்தது. வெளிச்சத்தில் றெனால்டின் இரண்டு வட்டங்களும் நன்றாகத் தெரிந்தன. மை தடவ வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். முதலில் முன்வரிசையில் ஏதோ குசுகுசுத்தார்கள். மூன்றாம் தரம் அவன் இல்லை என்று மறுதலித்துவிட்டு நின்ற நிற்பில் அதுவும் நின்றுவிட்டது. ஜெயனி என் கையைப் பிடித்தாள்.

முடிந்து சனம் கலையும்போது, நறுவிலிக்குளத்திலிருந்து வந்த, வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் மேடைப் பக்கம் வந்தார். றெனால்ட் அங்கியோடு படியில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பின்தலையில் அதே வட்டம், மூன்று.

"தம்பி, உமக்கும் இதுவோ? மேடையில காட்டிக்கொண்டு நிக்கிறீர்?"

"ஓம் அண்ணை. தொத்தாது, பயப்பிடாதேங்கோ. கிளினிக் இருக்கு, நான் கூட்டிக்கொண்டு போறன்."

அவர் தொப்பியைத் திரும்பப் போடாமலே அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் கனநேரம் கதைத்தார்கள்.

றெனால்டின் வட்டங்களில் இப்போது பூனைமயிர் மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிகிறது. முதலில் வெள்ளையாகத்தான் வருமாம், கொட்டினாலும் கொட்டுமாம், பார்ப்போம் என்கிறது டொக்டர் பிள்ளை. ஜெனோஜனின் தையல் வெட்டியாயிற்று, தழும்பு இருக்கும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ தலையில், தாடியில், புருவத்தில் இப்படிக் கொட்டியிருந்தால் கீழே எழுதுங்கள். எவ்வளவு காலத்தில் வளர்ந்தது, வளராவிட்டால் சனத்துக்கு என்ன சொல்லிச் சமாளித்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். நீட்டுவாலனைக் கடலில் கண்டவர்களும் எழுதலாம். நறுவிலிக்குளத்து அண்ணனுக்கு ஃபோனில் வாசிக்கத் தெரியாது. நீங்கள் எழுதுவதை றெனால்ட் அவருக்கு வாசித்துக் காட்டுவான்.